கம்பவுண்டர் முதல் பார்ம்.டி வரை: கொங்கு நெசவு வட்டாரத்தில் மருந்தாளுநர் உயர்கல்வி

'மருந்தாளுநர்' என்னும் சொல் அரசு ஏடுகளில் நிலைபெறுவதற்கு முன் மக்கள் வழக்கில் இருந்தது 'கம்பவுண்டர்' என்பதே. மருத்துவர் எழுதித் தந்ததைக் கலந்து, சீசாவில் அளவுக்குறிச் சீட்டு ஒட்டிக் கொடுத்த அவருக்குப் பட்டறிவே பெரும்பாலும் கல்வியாக அமைந்தது. 1930இல் அமைக்கப்பட்ட சோப்ரா குழு, மருந்துகளின் தரத்தோடு அவற்றைக் கையாள்வோரின் தகுதியையும் ஆராய்ந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் 1932இல் தொடங்கிய பாடம் 1937இல் பட்டப்படிப்பாக வளர்ந்தது. எனினும் அக்கல்வியின் நோக்கு ஆலையும் ஆய்வுக்கூடமுமே. நோயாளி அதன் ஓரத்தில் நின்றார். 1948ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டம், 42ஆம் பிரிவின்வழி, மருந்து வழங்குதலைப் பதிவுபெற்றவருக்கே உரியதாக்கியது. பட்டயமே பதிவுக்குப் போதுமாயிற்று.

கொங்குப் பகுதியில் இக்கல்வி நெசவுப் பணத்தால் வேரூன்றியது என்பது கருதத்தக்கது. பஞ்சாலைக் குடும்பத்தினர் 1926இல் நிறுவிய பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 2001இல் கோவையில் மருந்தியல் கல்லூரி தொடங்கியது, குமாரபாளையத்தின் ஜே.கே.கே. குடும்பத்தாரும் நெசவுத் தொழிலிலிருந்தே இத்துறைக்கு வந்தவர்கள். உதகையின் ஜே.எஸ்.எஸ். கல்லூரி (1980) மட்டும் மைசூர் மடத்தின் வழி வந்தது. நோயாளியை மையப்படுத்தும் பார்மசி பிராக்டிஸ் முதுகலைப் படிப்பு 1990களின் பிற்பகுதியில் மைசூரிலும் உதகையிலும் உருப்பெற்றது. 2008ஆம் ஆண்டின் விதிமுறைகள் அதை ஆறாண்டுப் பார்ம்.டி படிப்பாக விரித்தன. அதன் இறுதியாண்டு முழுதும் உள்ளிருப்புப் பயிற்சி, பி.பார்ம் பட்டதாரிக்கோ மூன்றாண்டே.

இப்பயிற்சி பெற்றவர் எங்கே அமர்கிறார் என்பதே திருப்பூரை முன்வைத்து எழும் வினா. பின்னலாடைத் தொழிலாளி ஷிப்ட் முடிந்து முதலில் செல்வது மருந்துக்கடைக்கே. அவர் பேசுவது ஒடியாவாகவோ இந்தியாகவோ இருக்கலாம். நோயெதிர்ப்பு மருந்தை முழு நாளும் உண்ண வேண்டும் என்பதை அவருக்கு விளங்கவைப்பதே பார்ம்.டி பாடத்திட்டம் கற்பிக்கும் ஆலோசனைக் கலை. ஆனால் கடையை நடத்தச் சட்டம் கேட்பது ஒரு பதிவுச் சான்றிதழை; சுவரில் தொங்கும் சான்றிதழுக்கு ஆறாண்டுப் படிப்பாளியின் ஊதியத்தை எந்த உரிமையாளரும் தரமாட்டார். அரசு மருந்தாளுநர் பணிக்கும் பட்டயமே அடிப்படைத் தகுதி. 2022 ஜனவரியில் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நோயாளியின் படுக்கையருகே நின்று மருந்தை மதிப்பிடும் மருந்தாளுநருக்கென அரசு மருத்துவமனைப் பணியமைப்பில் தனி நிலை பரவலாக உருவாகவில்லை. பட்டதாரிகள் பலர் மருந்து எதிர்விளைவுக் கண்காணிப்பு நிறுவனங்களை நாடிப் பெங்களூருக்கும் சென்னைக்கும் செல்கின்றனர்.