வென்றவர் ஏற்காத பதவி

தியாகராய நகரின் பனகல் பூங்காவில் இளைப்பாறுவோருள் அந்தப் பனகல் யார் என்று கேட்பவர் குறைவு. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த நீதிக் கட்சித் தலைவர், பனகல் அரசர் இராமராயநிங்கார் அவர். அவருக்குப் பின் அப்பதவி கைமாறிய விதம் நம் தேர்தல் வரலாற்றில் விசித்திரமான ஒன்று.

1919ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இரட்டை ஆட்சியில் கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் மட்டுமே மந்திரிகளிடம் இருந்தன. நிதியும் காவலும் கவர்னரின் நிர்வாகக் குழுவைச் சேர்ந்தவை. சட்டசபையின் 132 இடங்களுள் 98க்குத் தேர்தல், 34க்கு நியமனம். வாக்குரிமையோ சொத்தும் வரியும் உடைய சிறுபான்மையினருக்கே.

1926 நவம்பர்த் தேர்தலில், மயிலாப்பூர் வழக்கறிஞர் எஸ். சீனிவாச ஐயங்கார் முன்னின்று நடத்திய சுயராஜ்யக் கட்சி 41 இடங்களை வென்றது. நீதிக் கட்சிக்குக் கிடைத்தவை 21. கவர்னர் கோஷன் பிரபு வென்றவர்களை அழைத்தார். இரட்டை ஆட்சியில் பதவி ஏற்பதில்லை என்ற கொள்கையால் அவர்கள் மறுத்தனர். நீதிக் கட்சியும் முன்வரவில்லை. முடிவில், எக்கட்சியையும் சாராத டாக்டர் ப. சுப்பராயன் டிசம்பரில் முதல் மந்திரியானார். அவருக்குக் குறைந்த பலத்தை நியமன உறுப்பினர்கள் ஈடுசெய்தனர். கவர்னரின் கைப்பாவை என்று இரு கட்சிகளும் அவரைச் சாடின.

அந்தச் சாடலில் நியாயம் உண்டு. மக்கள் தேர்ந்தெடுக்காத உறுப்பினரைத் துணைகொண்டு அமைந்த மந்திரிசபை அது. ஆனால் பதவியை மறுத்த கொள்கையே கவர்னரின் கைக்கு வலுவூட்டியது என்பதையும் மறக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அச்சபைக்குள் வந்தது நியமனத்தால்தான். 1927இல் அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தை அவ்வாண்டே கொண்டுவந்தார். தாழ்த்தப்பட்டோரின் குரலும் பெரும்பாலும் நியமனத்தின் வழியாகவே அங்கே ஒலித்தது. சொத்துள்ளோரின் வாக்குப்பெட்டி அவர்களை அனுப்பியிருக்குமா என்பது ஐயமே.

பின்னாளில் அவர் தொடங்கிய அவ்வை இல்லம் அடையாற்றில் இன்றும் இருக்கிறது. 1926ஐ மக்கள் தீர்ப்பு களவுபோன கதையாக மட்டும் சொல்லும்போது, அத்தீர்ப்பை எழுத எத்தனை பேருக்கு உரிமை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.