ஐஸ் ஹவுஸில் இருந்த அக்கா

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து திருவல்லிக்கேணி வழியாகக் கடற்கரைக்குப் போனால் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த இடம் என்பது நமக்கெல்லாம் தெரியும். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதும் தெரியும். அதே கட்டடத்தில் இளம் விதவைகள் தங்கிப் படித்து ஆசிரியைகளாக வெளியே வந்த கதையை மட்டும் அதிகம் பேர் சொல்வதில்லை.

அதைச் செய்தவர் சிஸ்டர் சுப்புலட்சுமி. பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் கன்னியாஸ்திரீகளை 'மா சேர்' என்போம். 'என் சகோதரி' என்று அர்த்தம். இவர் கன்னியாஸ்திரீ அல்ல. 1886-ல் மயிலாப்பூரில் பிறந்த பிராமணப் பெண். ஆனாலும் அந்தப் பட்டம் பொருந்தியது. தம்மிடம் வந்த பெண்களுக்கு அவர் அக்காவாகவே இருந்தார்.

சிறு வயதிலேயே கல்யாணம். சீக்கிரமே கணவர் காலமானார். தலையை மழித்து மூலையில் உட்கார வைப்பதுதான் அன்றைய வழக்கம். பெற்றோர் அதற்கு இணங்காமல் படிக்க வைத்தார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்று அவரைச் சொல்வார்கள்.

1912-ல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் பெற்றோர் வீட்டிலேயே நான்கு இளம் விதவைகளோடு சாரதா இல்லம் ஆரம்பமானது. தாமும் இளம் விதவையான சித்தி வாலாம்பாள்தான் வீட்டு நிர்வாகம். அன்று பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. வயது வந்த பெண்ணை ஆண் வாத்தியாரிடம் அனுப்பப் பெற்றோருக்கு மனமில்லை. விதவைகளுக்கோ போக்கிடமே இல்லை. இரண்டு கஷ்டத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுத் தீர்வு கண்டவர் இவர். பெண் பள்ளிகளின் ஆய்வாளரான மிஸ் லிஞ்ச் துணை நின்றார். அரசாங்க உதவியும் வந்தது. இல்லம் ஐஸ் ஹவுஸுக்குப் போனது.

பிராமண விதவைகளுக்கு மட்டும் இல்லமா என்று இன்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சமையலிலும் ஆசாரத்திலும் குறை இருந்தால் அந்தக் குடும்பங்கள் பெண்ணை வாசற்படி தாண்ட விட்டிருக்காது. அதற்காக அவர் கொடுத்த விலை அது. ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வரானார்; அங்கே பல சமூகத்துப் பெண்களும் படித்தார்கள். 1927-ல் சங்கத்தின் சார்பில் சாரதா வித்யாலயா வந்தது. பின்னாளில் அது ராமகிருஷ்ண மிஷன் கைக்குப் போய், இன்றும் தி. நகரில் நடக்கிறது.

ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர். மயிலாப்பூர் லேடீஸ் கிளப் மூலம் வித்யா மந்திர் பள்ளி உருவாகவும் துணை நின்றார். 1958-ல் பத்மஸ்ரீ. 1969 டிசம்பர் 20-ல் மறைந்தார்.

அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த எனக்குப் பத்மஸ்ரீயைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. பிறர் சோற்றுக்குக் காத்திருந்த ஒரு பெண், சம்பளப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினாளே, அதுதான்.

உங்கள் குடும்பத்திலும் அங்கே படித்த அத்தையோ பாட்டியோ இருந்திருக்கலாம். தெரிந்ததைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வையுங்கள்.