மகரக்கட்டு

ஷார்ஜாவில் எட்டாம் வகுப்பு படித்தபோது பள்ளி ஆண்டு விழாவுக்கு ஹாம்லெட்டில் சில காட்சிகளைப் போட்டோம். எங்கள் பிரிவில் பையன்கள் மட்டும்தான். அதனால் ஒபீலியா வேஷம் எனக்கு. விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் குரல் கரகரவென்று உடைந்தது. வேஷம் வேறொரு பையனுக்குப் போய்விட்டது. நான் திரை இழுத்தேன்.

அப்போது மதுரையிலிருந்து வந்திருந்த தாத்தா சிரித்தார். "மகரக்கட்டுடா. அந்தக் காலத்தில் இதனால் எத்தனை பேருக்குச் சோறு போயிருக்கு தெரியுமா?"

ஹாம்லெட்டிலேயே இது வருகிறது. ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழு அரண்மனைக்கு வருகிறது. அதில் பெண் வேஷம் கட்டும் பையனைப் பார்த்து, 'உன் குரல் உடையாமல் இருக்க வேண்டுமே' என்கிறான் இளவரசன். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் நாடக மேடைகளில் பெண்கள் நடிக்கவில்லை. ஜூலியட்டும் ஒபீலியாவும் பையன்கள்தான்.

முந்நூறு வருடம் கழித்துத் தமிழ்நாட்டிலும் அதே கதை. இங்கே அதற்குப் பெயர் பாய்ஸ் கம்பெனி. ரோமியோ ஜூலியட், சிம்பலைன் நாடகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். நடிகர்கள் எல்லோரும் சிறுவர்கள். ஓர் ஊரில் கொட்டகை போட்டு ஆடுவார்கள், வசூல் குறைந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். மைக் கிடையாது. கடைசி வரிசைவரை கேட்க உச்ச சுருதியில் பாட வேண்டும். அப்படிப் பாடுகிறவனுக்கு பாலபார்ட், ஸ்திரீபார்ட். மகரக்கட்டு வந்தால் எல்லாம் போச்சு. தொண்டை தேறியவன் ராஜபார்ட் ஆகலாம், சிரிக்க வைக்கத் தெரிந்தவன் காமெடியனாகலாம். மற்றவர்கள் டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இன்றைய கண்ணால் பார்த்தால் இது குழந்தைத் தொழில்தான், அதை மறைக்க வேண்டாம்.

தேறியவர்களில் ஒருவர் தி. க. சண்முகம். ஆறு வயதில் அண்ணன்களோடு சுவாமிகளின் சபையில் சேர்ந்தார். அவருக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதினாராம். இத்தனை பிள்ளைகளுக்கு வசனமும் பாட்டும் சொல்லிக்கொடுத்த அந்த வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. 1922-இல் புதுச்சேரியில் இறந்தார். சண்முகத்துக்கு அப்போது பத்து வயது.

1925-இல் அந்தச் சகோதரர்கள் சொந்தமாகவே கம்பெனி தொடங்கினார்கள். 1940-களில் சண்முகம் கிழவி வேஷம் கட்டி ஔவையாராக மேடையேறினார். உடைந்து தேறிய ஆண் குரலோடுதான்! அதிலிருந்து அவர் 'ஔவை' சண்முகம். 1996-இல் வந்த 'அவ்வை சண்முகி'யில் கமல்ஹாசன் மாமி வேஷம் போட்டாரே, அந்தத் தலைப்பு இவர் பெயரிலிருந்து வந்தது. சிறுவயதில் கமலும் இவருடைய குழுவில் இருந்தவர். எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவரும்கூட பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள்தான். சிவாஜி சிறுவயதில் சீதை வேஷம் கட்டியிருக்கிறார்.

என் விஷயம்? அடுத்த ஆண்டும் ஹாம்லெட்தான் போட்டோம். குரல் நன்றாகத் தடித்திருந்தது. செத்துப்போன ராஜாவின் ஆவி வேஷம் கிடைத்தது. ஷேக்ஸ்பியரே அந்த வேஷம் போட்டதாக ஒரு பழைய பேச்சு உண்டு. தாத்தாவிடம் போனில் சொன்னேன். "சரிதான், ராஜபார்ட்" என்றார்.