பூட்டன்ர பேர் என்ன?

கிளிநொச்சியில எங்கட வயசுக்காரரிட்ட அப்பப்பாவின்ர பேரைக் கேட்டால் சொல்லுவினம். பூட்டன்ர பேரைக் கேட்டால் கனபேர் முழிப்பினம். இதுக்கு மறதி மட்டும் காரணம் இல்லை. நாங்கள் பேர் வைக்கிற முறையும் ஒரு காரணம்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவின் பெயர். கந்தையாவின் மகன் செல்லத்துரை, செல்லத்துரையின் மகன் ரவி என்றால், ரவியின் பெயரில் கந்தையாவுக்கு இடம் இல்லை. அம்மா வழி எந்தத் தலைமுறையிலும் பெயரில் வருவதில்லை.

கனடாவுக்குப் போன எங்கட சொந்தங்களுக்கு இது மாறிப்போச்சு. அங்கத்தைய படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி இருக்கும். கனபேர் அதில் அப்பாவின் பெயரை எழுதினார்கள். இப்ப அதே பெயர் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்குகிறது. ஒரு தனி மனிதரின் பெயர் ரொறன்ரோவில் ஒரு பரம்பரையின் பெயராகிவிட்டது. கலியாணம் கட்டிய பெண்கள் பலர் கணவரின் பெயரை எடுத்தார்கள். ஆனால் மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் 1981இல் இருந்து சட்டம் வேறு. அங்கே கலியாணத்துக்குப் பிறகும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான்.

அந்த மாகாணத்துப் பிரெஞ்சுக் குடும்பங்கள் பல, தங்கள் வேரை 1600கள் வரை தேடிப் போகக்கூடியவை. குடும்பப் பெயர் இருந்ததால்தான் அது முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர்களின் பெயரும் நிலையாக நிற்கவில்லை. படையில் வைத்த பட்டப்பெயர், வந்த ஊரின் பெயர் எல்லாம் 'எனப்படும்' என்று பொருள்படும் 'டி' என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டன. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி இன்னொரு பெயரிலும் வாழ்ந்ததுண்டு.

வழி காட்டியது கோயில் பதிவேடு. ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றையும் குருவானவர் எழுதினார். கலியாணப் பதிவில் பொதுவாக இரண்டு பக்கத்துத் தாய் தகப்பனின் பெயர்களும் வந்தன. 1679இல் இருந்து இரண்டு பிரதி. ஒன்று கோயிலில், மற்றது அரசிடம். கோயில் எரிந்தாலும் பெயர் தப்பியது.

பூட்டனை நிரூபிக்க முடியாமல் போனால் என்ன நடக்கும் என்று எங்கட நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்தவர் என்றோ, தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். தோட்டங்களில் கனபேரிடம் பிறப்புப் பதிவே இல்லை. இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்த அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் எங்களோடு இருக்கிறார்கள். இரணைமடுத் தண்ணீரை நம்பி, காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் கனபேருக்குப் பூட்டன் வேறு ஊர்க்காரன்.

அந்த ஊர்களோடு எங்களை இணைத்த காணி உறுதி, பிறப்புப் பத்திரம், கலியாணப் படம் எல்லாம் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டுதான் சனம் 2008இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அந்தப் பை கனபேரிடம் மிஞ்சவில்லை. இப்ப மிச்சம் இருப்பது அம்மம்மா, அப்பப்பாமாரின் ஞாபகம் மட்டும். அவர்களுக்கும் வயசு போகுது.

அதனால் குடும்பப் பெயர் வேணுமா வேண்டாமா என்ற விவாதத்தை விட, ஒரு கொப்பி வாங்குவது அவசரம். ஒரு கலியாணத்துக்கு ஒரு பக்கம். மாப்பிள்ளை, பொம்பிளை, இரண்டு பேரின் தாய் தகப்பன், அவரவர் ஊர், வீட்டுப் பேர், எந்த வருசம் எங்கே இடம்பெயர்ந்தார்கள். பொம்பிளைப் பக்கத்தையும் அதே அளவு எழுதுங்கோ. சரியாகத் தெரியாததைப் பென்சிலால் எழுதுங்கோ. பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, கனடாவில் இருக்கிற மாமிக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்பி வையுங்கோ. அவர்களுக்குத் தெரிந்த பெயர்களையும் கேட்டு அதே கொப்பியில் சேருங்கோ.