பால்மரமும் உயிரணுவும்

உயிர்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த உண்மையாகும். ஆயினும், அவ்வுயிரணுவின் உள்ளுறைப் பொருளை நாள்தோறும் வாளி வாளியாகச் சுமந்தவர்கள் யாவர் என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி. ரவாங்கிலும், அதற்கு மேற்கே கோலசிலாங்கூர் வரை பரந்திருந்த தோட்டங்களிலும் பால்மரம் வெட்டிய தமிழ்த் தொழிலாளரே அவர்கள். மங்கில் சொட்டிய வெண்பால் மரத்தின் கழிவன்று. வேர் உறிஞ்சி மேலேற்றும் நீருமன்று. அது உயிரணுவின் உயிர்ச்சாறேயாகும்.

உயிரணு முதன்முதல் மனிதன் கண்ணுக்குப் புலப்பட்டதும் ஒரு மரப்பட்டையிலேதான். 1665ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்ட இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர், தக்கைப்பட்டையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியின் கீழ் வைத்துத் தேனடை போன்ற சிற்றறைகளைக் கண்டார். அவை உயிர் நீங்கிய வெற்றறைகள். அவ்வறைகளே உயிர்களின் அடிப்படை என்பதைத் தாவரங்களுக்கு 1838இல் ஷிளைடனும், விலங்குகளுக்கு 1839இல் ஷ்வானும் நிலைநாட்டினர். உயிரணுவைச் சுற்றி மென்மையான சவ்வு உண்டு. உள்ளே சாறு நிறைந்திருக்கும். செயல்களை ஆள உட்கரு உண்டு. உணவிலிருந்து ஆற்றலை எடுத்துத்தர மைட்டோகாண்டிரியா உண்டு. தாவர உயிரணுவுக்குப் புறத்தே கெட்டியான சுவரும் அமைந்திருக்கிறது.

பால்மரத்தின் பட்டையில் இவ்வமைப்பு ஒரு புதுமையான வடிவம் பெறுகிறது. வரிசையாக அடுக்கப்பட்ட உயிரணுக்களின் இடைச்சுவர்கள் கரைந்துபோக, அவை நீண்ட குழாய்களாகின்றன. ஒரே வளையத்திலுள்ள குழாய்கள் பக்கவாட்டிலும் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. ஆகவே, ஓரிடத்தில் வெட்டினால் அவ்வளையத்தின் நெடுந்தொலைவிலிருந்தும் பால் வந்து சேரும். பாலின் நூற்றில் ஏறத்தாழ முப்பது முதல் நாற்பது பங்கு ரப்பர் துகள்கள். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். புரதமும் சர்க்கரையும் உப்புகளும் அதில் அடக்கம். உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் பெரும்பாலும் குழாயின் சுவரோரத்தில் தங்கிவிடுகின்றன. இதனாலேயே குழாய், இழந்த பாலை மீண்டும் உண்டாக்கிக்கொள்ள வல்லதாகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் வழக்கத்தின் காரணமும் இதுவே.

இம்மரம் மலாயாவுக்கு உரியதன்று. 1876இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் இருபத்திரண்டு 1877இல் சிங்கப்பூர் வந்தன. 1888இல் அங்குப் பூந்தோட்டத் தலைவராகப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கண்டபடி கொத்தாமல், ஒரே வெட்டுக்கோட்டைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவும் முறையை வகுத்தார்.

அம்முறையைச் செயலாக்கியது தொழிலாளியின் கை. பால்குழாய்கள் செறிந்திருப்பது பட்டையின் உட்பகுதியில். அதற்கும் உள்ளே, புதுப்பட்டையையும் மரத்தையும் வளர்க்கும் உயிரணுப் படலம் உள்ளது. அப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு இடம்விட்டு உளி நிற்க வேண்டும். மேலே நின்றால் பால் குறையும். ஆழமாகச் சென்றால் மரம் புண்படும், புதுப்பட்டை முண்டு முடிச்சாக வளரும். குழாய்கள் மேலேறுங்கால் சற்றே வலப்புறம் சாய்ந்து செல்வதால், வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் மிகுதியான குழாய்கள் அறுபடும்.

விடியுமுன் வெட்டுக்குச் செல்வதற்கும் உயிரணுவே விடை கூறுகிறது. இரவில் இலைகள் நீரை மிகுதியாக இழப்பதில்லை. குழாய்கள் நீரேறி விம்மி நிற்கின்றன. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பட்டரி, போட்மன் ஆகியோர் 1964இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, விடியற்காலையில் குழாயினுள் உள்ள அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. வெயில் ஏற ஏற அது தாழ்கிறது, பாலும் குறைகிறது.

வெட்டிய மரத்தில் பால் சில மணி நேரத்தில் நின்றுவிடுவதேன்? பாலில் லூட்டாய்டு எனப்படும் நுண்பைகள் மிதக்கின்றன. வெட்டியதும் அழுத்தம் தாழ்ந்து நீர் உட்புக, இப்பைகள் சிதைகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் பொருள்கள் ரப்பர் துகள்களைத் திரளச் செய்து குழாய் வாயை அடைக்கின்றன. 1966இல் இதனை விளக்கிய கட்டுரையின் ஆசிரியர் மூவருள் ஒருவர், அக்கழகத்தின் பாக்கியநாதன். அறுபதுகளில் சௌதார்ன் முதலியோர் மின்னணு உருப்பெருக்கியின் துணைகொண்டும் இதனை ஆராய்ந்தனர்.

1925இல் நிறுவப்பெற்ற அக்கழகத்தின் ஆய்வுத்தோட்டம் ரவாங்கிற்குத் தெற்கே சுங்கை பூலோவில் இருந்தது. அறிவியல் அங்கு அளந்து விளக்கிய பலவற்றை, அதற்கு முன்பே சுற்றுவட்டாரத் தொழிலாளர் உளியின் நுனியிலே அறிந்திருந்தனர். அவர்களுக்கு ஏட்டில் எழுதப்பட்ட பெயரோ கூலி என்பது. இருளில், தலைவிளக்கின் ஒளியில், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் உயிரணுப் படலத்தைக் காத்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிய தொழில், திறனற்ற தொழில் ஆகுமா?

கோலசிலாங்கூர் வட்டாரத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வணிக முறையில் தொடங்கிய செம்பனை, அறுபதுகளுக்குப் பின் பால்மரக் காடுகள் பலவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனினும், உளி பிடித்த முதியோர் இன்னும் உள்ளனர். உயிரணுவைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர், கரும்பலகையில் படம் வரையுமுன் அவர்களுள் ஒருவரை வகுப்புக்கு அழைப்பாராயின், அப்பாடம் மாணவர் நெஞ்சில் நிலைக்கும். அத்தொழிலாளருக்கு உரிய மதிப்பும் ஓரளவேனும் சேரும்.