கண்ணைத் திறந்த இதய மருந்து

இன்னைக்கு ஒரு குட்டிக் கடிதத்தோட கதை. 2008 ஜூன்ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்தது, எழுதினது பிரான்ஸ்ல போர்தோ நகரத்து டாக்டர்கள்.

பிறந்து சில வாரத்துல சில குழந்தைகளுக்குத் தோலில் சிவப்பாக ஒரு கட்டி வரும். பேரு ஹெமாஞ்சியோமா. ரத்தக்குழாய் செல்கள் பெருகி உருவாகுது, கேன்சர் இல்லை. முதல் சில மாதம் வேகமாக வளரும், அப்புறம் வருஷக்கணக்கில் தானாகவே சுருங்கும். 1938-ல் லிஸ்டர் என்ற பிரிட்டிஷ் டாக்டர் இதைப் பொறுமையாகக் கவனித்து எழுதினார். "சும்மா விடுங்க, போயிடும்" என்ற அறிவுரைக்கு அது பெரிய பலம். முதுகில் இருந்தா சரிதான்.

கண்குழியில் இருந்தா? ஹூபெல், வீசல் ரெண்டு பேரும் 1960-களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடித் தைத்துப் பார்த்தாங்க. (கொடூரம்தான்.) சில மாதம் கழித்துத் திறந்தா, கண் நல்லாத்தான் இருந்தது, மூளைதான் அதைக் கண்டுக்கவே இல்லை. கட்டி இமையை மூடினாலும், கருவிழியை அழுத்திப் பிம்பத்தை மங்கலாக்கினாலும் குழந்தைக்கு இதே ஆபத்து. அஞ்சு வயசுல கட்டி போயிருக்கலாம், பார்வை வந்திருக்காது.

இன்னொரு சிக்கல், ஆழத்தில் இருக்கும் கட்டிக்குச் சிவப்பு நிறமே தெரியாது. கண் மட்டும் முன்னாடி பிதுங்கும். புற்றுநோய்க் கட்டியும் அப்படித்தான் ஆரம்பிக்கலாம். அதனால ஸ்கேன், சில நேரம் பயாப்ஸி.

சிகிச்சைன்னு ஒரு காலத்தில் ரேடியம், எக்ஸ்ரே. 1960-களிலிருந்து ஸ்டீராய்டு. பலருக்குக் கேட்டது, ஆனா வளர்ச்சி குறையும், பிரஷர் ஏறும்.

போர்தோவில் மூக்கில் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்தப்போ இதயத் தசை தடித்தது. அதுக்காகப் ப்ரோப்ரனலால் கொடுத்தாங்க. நெஞ்சுவலிக்காக ஜேம்ஸ் பிளாக் 1960-களில் உருவாக்கிய பழைய மாத்திரை. மறுநாளே கட்டியின் நிறம் மாறி, மெத்துனு ஆச்சு! கிறிஸ்டின் லெயோத்தே-லாப்ரேஸ் அதைக் கவனிச்சு விடலை. அடுத்த குழந்தைக்குக் கண்குழிக்குள்ளேயும் கட்டி. மருந்து தொடங்கி ஏழு நாளில் தானாகக் கண் திறந்தது. கடிதத்தில் மொத்தமே 11 குழந்தைகள்.

2015-ல் 460 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், ஆறு மாதம் மருந்து எடுத்தவங்களில் 60% பேருக்குக் கட்டி கிட்டத்தட்ட முழுசாப் போச்சு; வெறும் மாற்று மருந்தில் 4%. சர்க்கரை இறங்கலாம், நாடித்துடிப்பு குறையலாம். அதனால பால் கொடுத்த கையோட, டாக்டர் கண்காணிப்பில்தான்.

ஏற்கெனவே மூளை ஒதுக்கிய கண்ணை மாத்திரை சரிசெய்யாது. அதுக்கு இன்னும் கண்ணாடியும், நல்ல கண்ணை தினமும் சில மணிநேரம் மூடும் பேட்ச்சும்தான்.