பெப்ரவரி 4: யாருக்குக் கிடைச்ச விடுதலை?

பெப்ரவரி 4 எண்டவுடனே எங்களுக்கு ஞாபகம் வாறது கொடியும் அணிவகுப்பும் ஒருநாள் லீவும்தான். 1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்ற நாள். ஆனால் இதே திகதியில் விடுதலையோடு சம்பந்தப்பட்ட வேறு இரண்டு கதைகளும் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம்.

முதலாவது, 1794. புரட்சி நடந்துகொண்டிருந்த பிரான்ஸில், தேசிய மாநாடு எனப்பட்ட சபை தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிப்பதாக அறிவித்தது. இது சும்மா இரக்கத்தில் வந்த அறிவிப்பு இல்லை. இன்றைய ஹெய்ட்டியில் கரும்புத் தோட்ட அடிமைகள் 1791 இலேயே கிளர்ந்தெழுந்திருந்தார்கள். ஆனால் 1802 இல் நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தார். ஹெய்ட்டி மக்கள் போரிட்டு 1804 இல் தனிநாடானார்கள். குவாதலூப் தீவு மக்களோ 1848 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது ஒரு பிறந்தநாள். 1913 இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ரோசா பார்க்ஸ் பிறந்தார். அந்த நாட்டில் 1865 இலேயே அடிமைமுறையைச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆனாலும் 1955 டிசம்பர் 1 அன்று, மொன்ட்கொமரி நகரில், வெள்ளையர் ஒருவருக்காக பஸ் சீட்டை விட்டு எழும்பச் சொன்னார்கள். அவர் எழும்பவில்லை. கைதானார். அதன்பிறகு கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸைப் புறக்கணித்துத்தான் அந்தப் பாகுபாட்டை முறியடித்தார்கள்.

இப்ப எங்கட 1948 க்கு வருவோம். சுதந்திரம் கிடைச்ச அதே வருசம் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கோ, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ ஆதாரம் கேட்டது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் பெரும்பாலானோரிடம் அப்படிப் பத்திரம் எங்கே இருக்கும்? அவர்கள் நாடற்றவர்களானார்கள். 1949 இல் வாக்குரிமையும் போனது. 1964 ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இங்கேயே மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

மூன்று கதையிலும் ஒரே விசயம்தான். விடுதலையை ஒரு நாளில் அறிவித்துவிடலாம். அது எல்லாருக்கும் போய்ச்சேர வருசக்கணக்காகும், அதுவும் ஆக்கள் போராடினால்தான். அதனால் அடுத்த பெப்ரவரி 4 இல் கொடியைப் பார்க்கும்போது, "எப்ப கிடைச்சது?" என்பதோடு "யாருக்குக் கிடைச்சது?" எண்டும் கேட்டுப் பார்ப்போம். முதல் கேள்விக்கு 1948 எண்டு பதில் சொல்லலாம். இரண்டாவதுக்கு, மலையகத்தில 55 வருசம் பிந்தின ஒரு பதில் இருக்கு.